நூலின் ஓரத்தில் ஒரு பெயர்: பழைய ஹீப்ரு நூல்களும் அவற்றின் உரிமையாளர்களும்

ஒரு நூலுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. அதை எழுதியவர் யார், அதில் என்ன சொல்கிறார் என்பது ஒன்று. நம் கையில் இருக்கும் அந்த ஒரு பிரதி இதுவரை யார் யார் கையில் இருந்தது, எந்தெந்த ஊர்களைக் கடந்து வந்தது என்பது மற்றது. முதலாவது வரலாறு எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவானது. இரண்டாவது ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி. ஒரே நாளில் ஒரே அச்சகத்தில் அச்சான இரண்டு பிரதிகளில் ஒன்று பாக்தாதிலும் மற்றது லண்டனிலும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இந்த இரண்டாவது வரலாற்றைத் தேடிப் பிடிப்பதற்காகவே பழைய நூல்களைச் சேகரிப்போர் உலகில் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஹீப்ரு நூல் சேகரிப்போருக்குத் தனியிடம் உண்டு. யூதர்கள் அடிக்கடி நாடு விட்டு நாடு துரத்தப்பட்ட சமூகம். 1492 இல் ஸ்பெயினில் முஸ்லிம்களின் கடைசி அரசான கிரனடா வீழ்ந்த அதே ஆண்டில்தான் அங்கிருந்த யூதர்களும் வெளியேற்றப்பட்டனர். வீடு, நிலம் எல்லாம் விட்டுப் போனவர்கள் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருந்தவற்றுள் நூலும் ஒன்று. ஆகவே அந்த நூல்களின் ஓரங்களிலும் வெற்றுத் தாள்களிலும் எழுதப்பட்டுள்ள பெயர்களைக் கோத்துப் பார்த்தால் ஒரு மக்கள் கூட்டம் நடந்த வழி தெரிய வரும்.

இது எங்களுக்கு எதற்கு என்று நீங்க கேட்கலாம். இந்நூல்களில் ஒரு பகுதி முஸ்லிம் நகரங்களில் எழுதப்பட்டவை, வாசிக்கப்பட்டவை. அவற்றின் உரிமையாளர் பலருக்கு அரபுப் பெயர். அரபு மொழியையே ஹீப்ரு எழுத்தில் எழுதும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. தமிழை அரபெழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளை அறிந்த எமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கெய்ரோவில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன் என்ற பேரறிஞர் தம் தத்துவ நூலை இப்படித்தான் எழுதினார். பழைய ஃபுஸ்தாத் நகரத்து யூத ஆலயத்தில், கிழிந்த தாள்களைக்கூட வீசாமல் போட்டு வைத்த ஓர் அறை இருந்தது. அல்குர்ஆனின் பழைய தாள்களைக் காலில் படாமல் பேணும் எங்கட வழக்கத்துக்கு ஒப்பானது அது. அங்கிருந்து 1896-97 இல் ஸொலமன் ஷெக்டர் என்பவர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோன துண்டுகள் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இப்னு மைமூன் தம் கைப்படவே எழுதிய வரைவுத் தாள்களும் அவற்றுள் அகப்பட்டன.

அச்சு வந்த கதை

ஆண்டு குறிக்கப்பட்ட முதலாவது அச்சிட்ட ஹீப்ரு நூல் 1475 இல் தென் இத்தாலியின் ரெஜியோ நகரில் வெளிவந்தது. முழு ஹீப்ரு வேதமும் முதன்முதலாக அச்சானது 1488 இல், ஸொன்ஸினோ என்ற இத்தாலியச் சிற்றூரில். உஸ்மானியப் பேரரசில் எந்த மொழியிலும் அச்சான முதல் நூல் ஒரு ஹீப்ரு நூல்தான். ஸ்பெயினிலிருந்து வந்த இப்னு நஹ்மியாஸ் சகோதரர் அதை இஸ்தான்புலில் 1493 இல் அச்சிட்டனர் என ஆய்வாளர் கொள்கின்றனர். 1500 க்கு முன் அச்சான ஹீப்ரு பதிப்புகள் ஏறத்தாழ 140 தான். அவற்றில் ஒரு தாள் கிடைத்தால்கூடச் சேகரிப்போருக்குப் பெரிய விஷயம்.

வெனிஸ் நகரில் டேனியல் பொம்பர்க் என்ற கிறிஸ்தவர் 1519 முதல் 1523 வரையான காலத்தில் தல்மூத் முழுவதையும் அச்சிட்டார். யூதர்களின் மார்க்கச் சட்ட விவாதங்கள் அடங்கிய பெரும் தொகுதி அது. அவர் வைத்த தாள் எண் ஒழுங்கையே இன்றைக்கும் எல்லோரும் பின்பற்றுகின்றனர்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ஹீப்ரு நூலின் முகப்பில் இலக்கத்தில் ஆண்டு இருக்காது. எழுத்தில் இருக்கும். எமது அப்ஜத் கணக்குத்தான் அது. பிஸ்மில்லாஹ்வுக்கு 786 என்று எழுதிய கடைப் பலகைகளையும் கடிதத் தலைப்புகளையும் நீங்க பார்த்திருப்பீங்க. அரபியில் அலிஃப் ஒன்று, பா இரண்டு, யா பத்து, காஃப் நூறு என்று போவதைப் போலவே ஹீப்ருவிலும் அலெஃப் ஒன்று, பேத் இரண்டு, யோத் பத்து, கோஃப் நூறு. நானூறு வரை இரண்டும் ஒன்றே. ஹீப்ருவில் 22 எழுத்துகளே இருப்பதால் அங்கு நானூறோடு நின்றுவிடும். அரபியில் மேலதிகமாக உள்ள ஆறு எழுத்துகள் ஆயிரம் வரை போகும்.

யூத ஆண்டு ஐயாயிரத்தைத் தாண்டியது. வழக்கத்தில் அந்த ஆயிரங்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவர். அந்த மிச்சத்தோடு 1240 ஐக் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு வரும். உதாரணமாக ரேஷ், பே என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் 200 உம் 80 உம் சேர்ந்து 280. 1240 ஐக் கூட்ட 1520. யூத ஆண்டு செப்டெம்பர் அளவில் பிறப்பதால் 1519 இன் கடைசி மாதங்களும் அதற்குள் அடங்கும். சில அச்சகத்தார் ஒரு வேத வசனத்தை முழுதாகப் போட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கி ஆண்டைச் சொல்வர். பெரிய எழுத்துகளை மட்டும் கூட்ட வேண்டும். எது பெரிது, எது சிறிது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கூட்டினால் கணக்குப் பிழைத்துப்போகும்.

ஊரின் பெயரிலும் ஒரு சூது உண்டு. ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கு ஒரு காலத்தில் நல்ல மதிப்பு. அதனால் வேறு ஊர் அச்சகத்தார் முகப்பில் ‘ஆம்ஸ்டர்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கு மேல் ‘எழுத்துகளால்’ என்று பொடி எழுத்தில் சேர்ப்பர். ஆம்ஸ்டர்டாம் எழுத்துகளால் அச்சிடப்பட்டது என்பதே வாசகம். உண்மையான ஊர் பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி இருக்கும். பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது.

பெயர்கள் பேசுகின்றன

நூல் யாருடையது என்பதை அறிய முதலில் பார்க்க வேண்டியவை முன்பின் வெற்றுத் தாள்களும் முகப்புப் பக்கமும். பழைய யூதர்கள் பெயர் எழுதும் முறை எமக்கு அந்நியமானதல்ல. பூமியும் அதிலுள்ள யாவும் இறைவனுக்கே சொந்தம் என்ற கருத்திலமைந்த ஸபூர் வசனத்தின் சுருக்கத்தை முதலில் எழுதுவர். அதன் பிறகே இன்னாரின் மகன் இன்னார் என்று தம் பெயர். எமது பழைய கிதாபுகளில் ‘மின் குதுபில் ஃபகீர்’ என்று தொடங்கி ஆலிம்கள் பெயர் எழுதியதும் இதே மனநிலையில்தான்.

ஒரு பெயரிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள். தகப்பனின் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்று வரும். ‘அவரது நினைவு பரக்கத்துக்குரியதாகட்டும்’ என்பது பொருள். நாங்கள் மர்ஹூம் என்று போடுவதைப் போல. அது இருந்தால், பெயர் எழுதிய நாளில் தகப்பன் உயிரோடு இல்லை. தகப்பன் இறந்த ஆண்டு வேறு வழியில் தெரிந்தால், நூல் அதற்குப் பிறகுதான் மகனுடைய கையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். இன்னொரு சுருக்கம் ஸ்பெயின் வழிவந்தவர்கள் தம் கையொப்பத்தோடு சேர்ப்பது. கையெழுத்தின் வடிவமும் சாட்சிதான். ஜெர்மனியர் எழுத்து வேறு, இத்தாலியர் எழுத்து வேறு, யெமனியர் எழுத்து வேறு. வெனிஸில் அச்சான ஒரு நூலில் யெமன் கையெழுத்து இருந்தால் அது செங்கடலைத் தாண்டி வந்திருக்கிறது.

பெயர் இல்லாவிட்டாலும் வேறு தடயங்கள் இருக்கும். பிள்ளை பிறந்த நாளை வெற்றுத் தாளில் குறித்திருப்பர். விற்ற விலையை எழுதியிருப்பர். பெருநாள் இரவு விருந்தின்போது ஓதும் நூலில் மெழுகுதிரி சொட்டிய இடமும் மதுக் கறையும் இருக்கும். பூச்சி அரித்த துளைகள் கூட உதவும். இரண்டு நூல்களில் துளைகள் ஒரே நேர்கோட்டில் வந்தால் அவை ஒரு காலத்தில் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருந்தவை.

இதற்கு நல்ல உதாரணம் சசூன் பிரதி எனப்படும் வேதக் கையெழுத்துப் பிரதி. ஏறத்தாழ கி.பி. 900 அளவில் எழுதப்பட்டது. அதன் உள்ளேயே அதன் கைமாற்றங்கள் எழுதப்பட்டுள்ளன. கலஃப் பின் இப்ராஹீம் என்பவர் இஸ்ஹாக் அல்அத்தாருக்கு விற்றார். அத்தாரிடமிருந்து அது அவரது இரண்டு ஆண்மக்களுக்குப் போனது. பிறகு சிரியாவின் மகிஸீன் என்ற ஊர் யூத ஆலயத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆலயம் அழிந்தபோது, மீண்டும் கட்டும் வரை வைத்திருக்குமாறு சலாமா பின் அபில் ஃபக்ர் என்பவரிடம் அமானிதமாகக் கொடுக்கப்பட்டது. ஆலயம் மீண்டும் கட்டப்படவேயில்லை. பல நூற்றாண்டு மௌனத்துக்குப் பிறகு 1929 இல் டேவிட் ஸொலமன் சசூன் அதை 350 பவுணுக்கு வாங்கினார். இவர் பாக்தாத் வழிவந்த வணிகக் குடும்பத்தவர், பம்பாயில் பிறந்தவர். அவருக்குப் பின் அது ஒரு காலம் பிரித்தானிய ரயில்வே ஊழியரின் ஓய்வூதிய நிதியத்துக்குக்கூடச் சொந்தமாக இருந்தது. 2023 மே மாதம் ஏலத்தில் 3 கோடி 81 இலட்சம் டொலருக்கு விலைபோய், டெல் அவிவ் நூதனசாலை ஒன்றுக்கு வழங்கப்பட்டது.

யூத ஆலயத்துக்கு அர்ப்பணித்த நூல்களில் ‘விற்கவும் கூடாது, மீட்கவும் கூடாது’ என்ற கருத்தில் ஒரு வாசகம் எழுதுவர். வக்ஃபு செய்த கிதாபுகளில் விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ கூடாது என்று எழுதுவது எமது வழக்கம். எழுதியவர்களின் நோக்கம் ஒன்று. சந்தையின் நோக்கம் வேறாக இருந்துவிட்டது.

தணிக்கையாளரின் மை

1553 செப்டெம்பரில் ரோம் நகரச் சதுக்கமொன்றில் தல்மூத் பிரதிகளைக் குவித்துப் போப்பாண்டவரின் ஆட்சி எரித்தது. அதற்குப் பிறகு இத்தாலியில் ஹீப்ரு நூல் வைத்திருப்போர் அதைத் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டியதாயிற்று. தணிக்கையாளர் பெரும்பாலும் யூத மார்க்கத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். ஹீப்ரு வாசிக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டனரே. கிறிஸ்தவத்துக்கு எதிரானது என்று கருதிய வரிகளை மையால் அடித்து, கடைசிப் பக்கத்தில் கையொப்பமும் ஆண்டும் இடுவர். ஜெரூசலம்வாசி என்று பெயர் பெற்ற தொமெனிக்கோவின் கையொப்பம் ஏராளமான நூல்களில் உண்டு.

இன்று இந்தக் கையொப்பம் ஆய்வாளருக்குப் பெரிய உதவி. அந்த ஆண்டில் அந்த நூல் இத்தாலியில் இருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. இன்னொன்றும் நடந்திருக்கிறது. தணிக்கை மை காலப்போக்கில் வெளிறிப் பழுப்பாகிவிட்டது. அடியில் இருக்கும் அச்சு மை கறுப்பாகவே நிற்கிறது. மறைத்த வரிகளைப் பல இடங்களில் இப்போது வாசிக்கலாம்.

ஸராஜெவோவின் நூலகர்

பதினான்காம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதப்பட்ட ஒரு சித்திரக் கையெழுத்து நூலிலும் இத்தகைய கையொப்பம் இருக்கிறது. ஆண்டு 1609. 1894 இல் பொஸ்னியத் தலைநகர் ஸராஜெவோவின் நூதனசாலை அதை ஒரு யூதக் குடும்பத்திடம் வாங்கியது. 1942 இல் நாஜித் தளபதி ஒருவன் அதைக் கேட்டு நூதனசாலைக்கு வந்தான். அங்கே நூலகராக இருந்தவர் தெர்விஷ் கொர்குத் என்ற முஸ்லிம் அறிஞர். அவர் நூலை வெளியே கொண்டுபோய் ஒளித்தார். மலைக் கிராமமொன்றின் இமாமிடம் கொடுத்து வைத்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விபரம். அதே காலத்தில் மிரா பாப்போ என்ற யூதப் பெண்ணையும் தம் வீட்டில் முஸ்லிம் பெண்ணைப் போல் வைத்துக் காப்பாற்றினார்.

1992 இல் ஸராஜெவோ முற்றுகையிடப்பட்டபோது அந்நூலை மீண்டும் மீட்டவர் என்வர் இமாமோவிச் என்ற இன்னொரு முஸ்லிம். அவ்வாண்டு ஓகஸ்டில் அந்நகரின் தேசிய நூலகம் எரிக்கப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அந்த இழப்பை விளக்கத் தேவையில்லை.

சேகரிப்போர்

பிராக் நகர யூதத் தலைமை மதகுரு டேவிட் ஒப்பன்ஹைம் (1664-1736) ஏறத்தாழ 4,500 அச்சு நூல்களையும் 780 கையெழுத்து நூல்களையும் சேர்த்தார். பிராக்கில் தணிக்கைக் கெடுபிடி என்பதால் அவற்றை வேறு நாட்டில், ஹனோவரில் வைத்திருந்தார். அவர் இறந்த பின் அவை பெட்டிகளில் நெடுங்காலம் கிடந்தன. 1829 இல் ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகம் 9,000 தாலருக்கு வாங்கியது. அவர் கூட்டிச் சேர்த்தவை கலையாமல் ஒரே இடத்தில் இருப்பது அதிர்ஷ்டம்.

லண்டனில் ஜெக் லன்ஸர் என்ற வைர வியாபாரி 1956 இல் ஒரு கண்காட்சியில் பொம்பர்க்கின் தல்மூத் முழுத் தொகுதியைக் கண்டார். அது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உடைமை. எட்டாம் ஹென்றி மன்னன் தன் மணவிலக்குக்கு ஆதாரம் தேடத் தருவித்தான் என்று அதற்கொரு கதையும் உண்டு. ஆனால் பழைய உரிமையாளரைத் தேடிய ஆய்வாளர், அது ஒக்ஸ்போர்டின் ஹீப்ருப் பேராசிரியர் ஒருவருடையது என்று கருதுகின்றனர். தேவாலயம் விற்க மறுத்தது. லன்ஸர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் காத்திருந்தார். தேவாலயத்தின் பழைய சாசனத்தின் 900 ஆண்டுப் பிரதி ஒன்று விற்பனைக்கு வந்ததும் அதை வாங்கிக் கொடுத்துத் தல்மூத்தைப் பெற்றார். 2015 இல் அது 93 இலட்சம் டொலருக்கு விலைபோனது.

கொள்ளையும் நீதியும்

இதுவரை சொன்னது காசும் பொறுமையும் உள்ளவர்களின் கதை. உரிமையாளர் பெயருக்கு வேறொரு பயனும் உண்டு. 1940 முதல் நாஜிகளின் ரோஸன்பர்க் பிரிவு ஐரோப்பா முழுக்க யூதர்களின் நூலகங்களைக் கொள்ளையிட்டது. ரோம் யூத சமூக நூலகம் 1943 இல் ரயிலில் ஏற்றப்பட்டது. அதன் பெரும்பகுதி இன்றுவரை அகப்படவில்லை.

போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம் ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரில் மீட்ட நூல்களைக் குவித்தது. 30 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. பிரிக்கும் வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு ஹீப்ரு வாசிக்கத் தெரியாது. அங்கு பொறுப்பாக இருந்த ஐசக் பென்கோவிட்ஸ் நூல்களில் இருந்த நூலக முத்திரைகளையும் உரிமைச் சீட்டுகளையும் படம் பிடிப்பித்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் சில முத்திரைகள். நூல் தன் முன்னால் வரும்போது தனக்குரிய முத்திரை இருந்தால் எடுத்து வைப்பது அவருடைய வேலை. வாசிக்கத் தெரியாதவர்களும் இப்படி இலட்சக்கணக்கான நூல்களைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப உதவினர். உரியவர் கொல்லப்பட்டு வாரிசும் இல்லாத ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்களை ஒரு யூத அமைப்பு பல நாட்டு நூலகங்களுக்குப் பகிர்ந்தது. அதன் செயலாளர் ஹன்னா ஆரெண்ட். ஒவ்வொரு நூலிலும் அதற்கென ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. அதில் ஒரு பெரும்பகுதி ஜெரூசலம் தேசிய நூலகத்துக்குப் போனது.

அதே நூலகத்துக்கு 1948-49 இல் வேறு நூல்களும் வந்தன. மேற்கு ஜெரூசலத்தில் வெளியேற வேண்டியதாகிப்போன பலஸ்தீனர்களின் வீடுகளிலிருந்து எடுத்த ஏறத்தாழ 30,000 நூல்கள் அவை. கலீல் ஸகாகீனி என்ற கல்வியாளரின் வீட்டு நூல்களும் அவற்றுள் அடங்கும். ஏறத்தாழ 6,000 நூல்கள் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்ற குறியீட்டோடு இன்றும் அங்கே இருக்கின்றன. இதை ஆவணங்களோடு வெளிப்படுத்தியவர் கிஷ் அமித் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர். ஒரு சமூகத்தின் நூல்களைப் பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்த அதே காலத்தில் இன்னொரு சமூகத்தின் நூல்களில் பெயரிருந்தும் திரும்பிப் போகவில்லை. பெயரைத் தேடும் கலையை நீதிக்குப் பயன்படுத்துவதானால் அதை எல்லோருக்கும் பயன்படுத்த வேண்டும். யூதர் நூலை ஒளித்த கொர்குத் செய்ததும் அதுதான்.

ஆகவே இன்று பழைய நூல் வாங்குவோர் சில விடயங்களைக் கவனிக்கின்றனர். முகப்பின் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தால், ஓரிடம் சுரண்டப்பட்டு மெலிந்திருந்தால், ஏதோ ஒரு முத்திரையை மறைக்க எவரோ முயன்றிருக்கலாம். 1933 க்கும் 1945 க்கும் இடையில் அந்நூல் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு விற்பவர் பதில் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ‘காலடித் தடங்கள்’ என்ற பொருளுடைய தரவுத்தளம் ஒன்று நடத்தப்படுகிறது. ஒவ்வொரு பிரதியும் எந்த ஆண்டில் எந்த ஊரில் யாரிடம் இருந்தது என்று அதில் பதிகின்றனர். ஒரு பெயர் தனியே இருந்தால் அது பெயர் மட்டும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஊர்களுக்கிடையில் பாதை தெரிகிறது.

எங்கட வீடுகளிலும் மூத்தாப்பா காலத்துக் கிதாபுகள் இருக்கின்றன. அரபும் அரபுத்தமிழும். கரையான் அரித்ததென்று முன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் புதிதாகக் கட்டுவிக்கிறோம். கட்டுபவரும் ஓரத்தை நேராக வெட்டித் தருகிறார். அந்தத் தாளிலும் ஓரத்திலும்தான் யார் ஓதியது, எந்த மத்ரஸாவுக்கு வக்ஃபு, கப்பலில் எங்கிருந்து வந்தது என்ற விபரம் இருந்திருக்கும். கட்டக் கொடுக்கும் முன் அந்தத் தாள்களைத் தொலைபேசியிலாவது ஒரு படம் எடுத்து வையுங்கள். வெட்ட வேண்டாம் என்று கட்டுபவரிடம் சொல்லுங்கள். பெயரை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒஃபன்பாக்கில் இருந்தவர்களுக்கும் வாசிக்கத் தெரியாது.